பிரஸ்ஸுக்குள் துளிர்த்த கள்ளி

புரட்டாசி, திங்கள் இரவு

என் கணவர் இறந்த பிறகு இன்றுதான் கல்லூரிக்குப் போனேன். தாவரவியல் துறையில் இருவருக்கும் ஒரே அறை. நார்த்தாமலையில் அவர் கடைசியாக எடுத்து வந்த சப்பாத்திக்கள்ளி, செடிகளை அழுத்திக் காயவைக்கும் மரப் பிரஸ்ஸிலேயே இருந்தது. லேப் உதவியாளர் சரசு அக்கா அதன் வாரை அவிழ்த்தார். செய்தித்தாளுக்கு நடுவில் மடல் பச்சையாகவே இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு துளிர்.

"சார் இத ரெண்டாப் பொளந்து வெந்நீர்ல போடாமலே வச்சுட்டாங்க போல. அங்கிட்டு நட்டு வச்சுரவா மேடம்?"

அப்படிச் செய்யாவிட்டால் கள்ளி சாகாது என்று மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். இதைப் பிரஸ்ஸில் வைத்த அன்று, நெஞ்சு கரிக்கிறது என்று பாதியிலேயே எழுந்துவிட்டார். ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன்.

"வேணாங்க்கா, காயவச்சு ஷீட்டுல ஒட்டணும்" என்றேன். நானே மடலைப் பிளந்து வெந்நீரில் போட்டேன். உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தின் பதிவில், சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். சரசு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பேனாவைப் பிடிக்கும்போதுதான் பார்க்கிறேன். கட்டைவிரல் முழுக்கப் பொடி முள். காலையிலிருந்தே இருந்திருக்கிறது. வலிக்கவே இல்லை.