கணவனாகப் பேசச் சொன்னதால் பேசிய பேச்சுக்கு மகளைப் பறித்தது குறித்து

அனுப்புநர்:
அச்சகத்தில் புத்தகம் தைக்கும் தொழிலாளி,
தற்சமயம் அக்கா வீட்டில்,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: இறையியல் கல்லூரியில் பயிற்சிக்காக எடுத்த படத்தின் ஒரு துண்டை மட்டும் பார்த்து, ஏழு வயது மகளை என் கணவரிடமே இருக்கவிட்டது – முழுப் படத்தையும் கைப்பற்றி, மகளை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் கிடங்கு மேற்பார்வையாளர். வெளியில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். கதவு சாத்தியதும் ஆளே வேறு. அவரால் எனக்கு முன்பல் ஒன்று போயிற்று, விலா எலும்பு விரிசல் விட்டது, கொதிக்கும் தண்ணீரில் தோள்பட்டை வெந்தது. ஒவ்வொரு தடவையும் குளியலறையில் வழுக்கியதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவேன். என்னளவுக்கு வழுக்கி விழுந்தவள் இந்த ஊரிலேயே இருக்க மாட்டாள்.

2. எங்கள் சபைப் போதகரிடம் சொன்னபோது, போலீசுக்குப் போனால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று இறையியல் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே ஆற்றுப்படுத்துதல், அதாவது கவுன்சிலிங், முதுகலை படிப்பவர்கள், பயிற்சிக்காகக் குடும்பங்களை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓர் இறுதியாண்டு மாணவர். எதைச் சொன்னாலும் 'அடப் பாவமே' என்பதால் கூடப் படிப்பவர்கள் அவரைப் 'பாவமே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தனியாக உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவரும் அழுதார். அடுத்த முறை இருவரும் சேர்ந்து வர வேண்டும், அப்போதுதான் பாடம் முழுமையாகும் என்றார். தம்பி, என் கணவர் எதிரில் வேண்டாம் என்று கெஞ்சினேன். 'பயப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்ல' என்றார்.

3. அந்த அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் குட்டி மேசை, ஆளுக்கொரு காமிரா. சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் பேராசிரியரும் மற்ற மாணவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாணவர் எங்கள் இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்தார். நான் கணவராகப் பேச வேண்டும், கணவர் நானாக இருக்க வேண்டும். இது அவர்கள் பாடத்தில் உள்ள முறையாம். 'வீட்ல எப்படி நடக்குமோ அப்படியே செய்யுங்க' என்றார். செய்தேன், ஐயா. எனக்கு ஒத்திகையா வேண்டும்? மேசையை எட்டி உதைத்தேன். 'சத்தம் வந்துச்சு, மிதிக்கிற மிதியில குடல் வாய் வழியா வந்துரும். கழுத்தைத் திருகிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவேன்' என்று கத்தினேன். ஒரு சொல்கூட என் சொல் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டினார்கள். பேராசிரியர் வந்து மாணவரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கணவர் சிரித்த முகத்தோடு இருவருக்கும் கைகொடுத்தார்.

4. கீழே இறங்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் கணவர் என் முடியைக் கொத்தாகப் பிடித்து, இரும்புக் கைப்பிடியில் முகத்தை மோதினார். 'நல்லா நடிச்ச, இப்ப நடி' என்று சொல்லிச் சொல்லி மோதினார். விழுந்தவளின் வலது கையைப் படி விளிம்பில் வைத்து ஷூக் காலால் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது. மேலே பாடம் நடந்துகொண்டிருந்தது. கணவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போய், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என்னை வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் கல்லூரிக் காவலாளி அண்ணன்தான்.

5. வீட்டில் போட்டுப் பார்த்துத் திருந்தட்டும் என்று, எடுத்த படத்தின் ஒரு துண்டைத் தம்பதிகளுக்கு அனுப்பிவைப்பது அக்கல்லூரியின் வழக்கம். பயிற்சி மாணவரின் குரல் வெளியே போகக் கூடாதாம், அதை வெட்டிவிடுவார்கள். ஆகவே, கணவராகப் பேசுங்கள் என்று அவர் சொன்னதும் வெட்டுப்பட்டது. மீதி இருந்தது நான் உதைத்ததும் கத்தியதும்தான். அது அன்று மாலையே கணவரின் போனுக்குப் போயிற்று. நான் கையில் மாவுக்கட்டோடு காவல் நிலையம் போய்ச் சேருவதற்குள், கணவர் அதைக் காட்டி என்மீது புகார் கொடுத்து, இன்ஸ்பெக்டரும் பார்த்து முடித்திருந்தார். 'நீ போட்ட ஆட்டத்தைத்தான் பார்த்தோமே' என்றார். மகள் அப்பாவிடம் இருப்பதே பத்திரம், வீட்டுப் பக்கம் போனால் உள்ளே தள்ளிவிடுவேன் என்று எச்சரித்து அனுப்பினார்.

6. நானும் அக்காவும் கல்லூரிக்குப் போய் முழுப் படத்தைக் கேட்டோம். ஆற்றுப்படுத்துதலில் பேசுவது இரகசியம், போலீசுக்குத் தர முடியாது, மதிப்பெண் போட்டதும் அழித்துவிடுவோம் என்றார் பேராசிரியர். என்னை அடிக்கிறவன் போனுக்குப் போகும்போது மட்டும் அந்த இரகசியம் எங்கே போயிற்று, ஐயா? மாணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 'நான் சாட்சி சொன்னா பட்டம் போயிரும் அக்கா' என்றார்.

7. முழுப் படத்தைத் தாங்கள் பார்க்கும்போது என்னைப் பார்க்க வேண்டாம். இன்னொரு காமிராவில் பதிவான என் கணவரைப் பாருங்கள். நானாக இருக்கும்படி மட்டுமே அவரிடம் சொன்னார்கள்; எப்படி இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் மேசையை உதைத்ததும் அவர் முழங்கையால் காதை மறைத்துக் குனிந்தார். மற்றக் கையைப் பின்னால் நீட்டி, அங்கே இல்லாத எதையோ தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நிற்பவள் என் மகள். அடி அவள்மேல் விழாமல் இருக்க நான் தினம் செய்வது அது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் இத்தனை வருடமும் அடித்திருக்கிறார்.

8. ஆகவே, கல்லூரி அழிப்பதற்குள் அப்படத்தைக் கைப்பற்றவும், என்மீதுள்ள புகாரைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் விசாரித்துக்கொண்டு, மகளை மட்டும் இன்றே அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரவும் உத்தரவிடுமாறு தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இப்போது அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நிற்க அங்கே யாரும் இல்லை.

இடம்: அக்கா வீடு
தேதி: இம்மாதம் பதினான்கு

இப்படிக்கு,
மகளுக்காகக் காத்திருக்கும் தாய்
(நான் சொல்ல அக்கா எழுதியது. கையொப்பம் என் இடக்கையால் இட்டது.)