வெள்ளிக்கிழமைக் கணிப்புக்கு இன்னொரு ஆள்

எங்கள் அபார்ட்மென்டில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் பழைய மரத்தூளை வாரிவிட்டுப் புதிதாக ரப்பர் தரை போட்டிருக்கிறார்கள். இன்று காலை குப்பை போடப் போனேன். வெயில் பட்டு அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது, சூடான ரப்பரும் மெழுகும் சேர்ந்த மாதிரி. கையில் குப்பைப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அமெரிக்காவின் ஒரு மூலையில் இந்தப் பிளெய்ன்ஸ்பரோவில், அதுவும் என் வீட்டு வாசலில், இப்படி வந்து நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை புள்ள.

ஆபீஸ் வேலையாக மேற்குக் கரையில் பே ஏரியா போனோமே, அந்த வாசனை. மீட்டிங் முடிந்த மறுநாள் கூட வந்தவர்கள் எல்லோரும் பாலம் பார்க்கக் கிளம்ப, நீ என்னைத் தரதரவென்று கடலோரம் இருந்த குதிரை ரேஸ் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். குதிரையைக்கூட நீ சரியாகப் பார்க்கவில்லை. வேலியோரம் குனிந்து, குதிரை ஓடும் தரையிலிருந்து வெளியே சிதறிக் கிடந்ததை ஒரு பிடி அள்ளி, விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாய். "ஏட்டி, இது மண்ணே இல்ல. மணலு, ரப்பர்த் துண்டு, நூலு, மெழுகு. வாசல்ல போடுத கால்மிதியை அரைச்சுக் கொட்டுன மாதிரில்லா இருக்கு!" காவலுக்கு நின்ற ஆள் நம்மை ஒரு மாதிரி பார்த்தார். நீ அவரிடமே போய், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

இந்தப் பைத்தியம் நம்மைப் பிடித்தது ஒரு பனிநாளில். ரோடெல்லாம் மூடிப்போய், பிஸ்கட்டவேயில் உன் வீட்டிலேயே நான் மாட்டிக்கொண்ட சனிக்கிழமை காலை. நீ எதையோ தேடப்போய், இங்கிலாந்தில் நடக்கிற ரேஸ் ஒன்று கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது. அங்கே கொட்டோ கொட்டென்று மழை. குதிரைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சேறும் இல்லை, வழுக்கலும் இல்லை. 'ஆல் வெதர் டிராக்' என்று வர்ணனை செய்தவர் சொன்னதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "புல்லுன்னா மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி இருக்கும். இது மாறாது பாத்தியா. தரை மாறாட்டி மத்ததெல்லாம் அளக்கலாம்லா?" மருந்துக் கம்பெனியில் வருஷக்கணக்காக எண்களோடு மல்லுக்கட்டுகிற இரண்டு பொம்பளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

பந்தயம் கட்டுவதில்லை, கணிப்பு மட்டும்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். ஆனாலும் ரேஸ் என்றாலே குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று நினைக்கிற நம் ஆட்களை என்ன செய்ய? கோயிலில் ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல ஏதும் பிரச்சனையா கண்ணு?" என்று கேட்டார். உன் சர்ச்சில் உனக்காகத் தனியாக ஜெபமே பண்ணினார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு பக்தியாக ஆமென் சொல்லிவிட்டு வந்து, என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சனிக்கிழமை ரேஸ்களுக்கான முன்னோட்டத்தை நம் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். நாலு ரேஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, நல்ல தமிழில். திங்கட்கிழமை, தோற்றதற்கெல்லாம் காரணம் எழுதுவோம். முதலில் வாங்கிய அடி கொஞ்சமா? புல்லில் வரிசையாக ஜெயித்துவிட்டு வந்த குதிரையை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். மெழுகுத் தரையில் அது கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது. "நேத்து ஜெயிச்சத விடு," என்றாய். "இன்னைக்கு ஏன் ஜெயிக்கும்? அதச் சொல்லு." அந்தக் கேள்வியை நீ என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பாய் என்று எனக்கே தெரியாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை ஆபீஸிலிருந்தே எடுத்துக்கொண்டோம். மருந்துச் சோதனையில் வருகிற ஒவ்வொரு அட்டவணையையும் நம் வேலையில் இரண்டு பேர் தனித்தனியாகப் போடவேண்டும். ஒருத்தி செய்வதை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. கடைசியில் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். பொருந்தாத இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் தப்பு என்று கண்டுபிடித்தே தீரவேண்டும். ஒரே ஆள் போட்ட அட்டவணை வெளியே போகாது. குதிரைக்கும் அதே சட்டம்தான். நீ உன் வீட்டில், நான் என் வீட்டில், ஒரே நேரத்தில் மெசேஜ் அனுப்பித் திறந்து பார்ப்போம்.

என்றைக்காவது நாம் நாலுக்கு நாலும் ஒத்துப்போயிருக்கிறோமா? ஓட்டம் தொடங்கும் வரிசையில் உள்பக்கக் கதவிலிருந்து புறப்பட்டு, வளைவில் தூரத்தை மிச்சம் பிடித்து, முதலிலிருந்தே முன்னால் ஓடுகிற குதிரைதான் எனக்குப் பிடிக்கும். உனக்கு அது ஆகவே ஆகாது. "முன்னால ஓடுதவன எல்லாவனும் பாப்பான். பின்னால மூச்ச சேத்து வச்சிட்டு வாரவனப் பாருட்டி," என்பாய். ஸ்பீக்கரில் நாம் கத்துவதைக் கேட்டு என் பெண் காவ்யா அவள் அறையிலிருந்து வெளியே வந்து, "அம்மா, ஆர் யூ கைஸ் ஃபைட்டிங் அபௌட் எ ஹார்ஸ்?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். உன்னோடு போட்ட அந்தச் சண்டைகளைப் போல ஒரு சந்தோஷம் இந்த ஊரில் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. நீ இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால், "காப்பி சூடு ஆறுது, குடி" என்றிருப்பாய்.

பிறகு உன் நுரையீரல் கெட்டுப்போனது. பேச்சுக்கு நடுவே நீ மூச்சு வாங்க ஆரம்பித்தாய். அப்போதும் வாதத்தை விடவில்லை. ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே, எடை கூடுதலாகச் சுமக்கிற குதிரையை நான் எடுத்ததற்காக என்னைத் திட்டினாய். இலை உதிர்கிற நாட்களில் உன்னை அடக்கம் பண்ணினோம்.

அந்த வாரமே நான் முன்னோட்டம் போட்டேன். நிறுத்தினால் நீ செத்தது உறுதியாகிவிடும் என்று தோன்றியது. ஆனால் நம் சட்டப்படி இரண்டு ஆள் வேண்டுமே? மத்தியானம் நானாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். சாயங்காலம் நீயாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். 'அவள் இருந்தால் இதை எடுத்திருப்பாள்' என்று குழுவிலும் சொல்லித்தான் போட்டேன். முதலில் நன்றாகத்தான் போயிற்று. பின்னால் இருந்து வருகிற குதிரைகளை உனக்காகத் தேடித் தேடி எடுத்தேன். போகப்போக நீ என்னோடு ஒத்துப்போக ஆரம்பித்தாய். மூன்றில் ஒத்துப்போனாய். ஒரு பத்து நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, நாலிலும் ஒத்துப்போனாய்.

 முதல் ஒப்பீட்டிலேயே எல்லாம் பொருந்தினால் நம் ஆபீஸில் யாரும் கைதட்ட மாட்டார்கள். யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தது என்றுதான் கேட்பார்கள். நான் உன்னை உயிரோடு வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, உன் வாயில் என் பேச்சைத் திணித்துக்கொண்டிருந்தேன். உன்னை எனக்கு ஆமாம் போடுகிறவளாக ஆக்கிவிட்டேன். உயிரோடு இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாய்.

மறுநாளே உன் வீட்டிலிருந்து ஜெரால்டு அண்ணா போன் பண்ணினார். உன் போனை அவர் இன்னும் சார்ஜில்தான் வைத்திருக்கிறாராம். "வெள்ளிக்கிழம ஒங்க மெசேஜ் வந்தா அவ போன் அடிக்கு சுமதி. எடுத்துப் பாக்கவும் முடியல, ஆஃப் பண்ணவும் மனசு வரல. போதும், நிறுத்திருங்களேன்." உன் புருஷன் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். சரி என்று சொல்லியிருக்கவேண்டும். "வர்ற வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேனுங்ணா, பேசிக்கலாம்," என்றேன்.

காரில் போகும்போதே முடிவு பண்ணிவிட்டேன். இதை விடப்போவதில்லை. ஆனால் இனி என் தலைக்குள் உட்கார்ந்து உன் குரலில் பேசுகிற ஆளும் எனக்கு வேண்டாம். நிஜமாகவே என்னோடு மோதுகிற ஒரு ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால், நம் சட்டப்படியே இழுத்து மூடிவிடவேண்டியதுதான்.

அவர் கதவைத் திறந்ததும் நாலு ரேஸின் ஓட்டப் பட்டியலை மேஜைமேல் வைத்தேன்.

"என்னது இது?"

"நாளைக்கு ரேஸுங்ணா. நான் எடுத்தாச்சு, சொல்லமாட்டேன். நீங்க எடுங்க."

"சுமதி, அவளே இல்ல. இன்னும் என்னத்துக்கு?"

"அவ இல்லாததுனாலதான் வந்திருக்கேன். இருந்திருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்?"

"எனக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாதும்மா."

"இத்தன வருஷம் இந்த வீட்ல நாங்க போட்ட சத்தத்துல பாதியாவது காதுல விழுந்திருக்கும். விழுந்தது போதும். நான் டீ போடறேன்."

அவர் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.  ஆனால் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் உன் அடுப்பில், உன் பாத்திரத்தில் டீ போட்டேன். சர்க்கரை டப்பாவை நீ எங்கே வைப்பாய் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்று கொஞ்சம் அழுதேன். அவர் பார்க்கவில்லை.

அவர் குறித்து முடித்ததும் இரண்டு பேர் தேர்வையும் திறந்து பார்த்தோம். மூன்று ரேஸில் ஊரே எடுக்கிற குதிரைகளைத்தான் இரண்டு பேருமே எடுத்திருந்தோம். ஒரு மைல் ரேஸில் மட்டும் முட்டிக்கொண்டது. நான் எடுத்தது 'காப்பர் லேன்', உள்பக்கக் கதவு, முன்னால் ஓடுகிற குதிரை. அவர் எடுத்தது 'ஹார்பர் பெல்'. கடைசியாக ஓடிய ரேஸ்களிலெல்லாம் பாதியிலேயே மூச்சு முட்டிப் பின்தங்கிய குதிரை. இப்போது மூச்சுக்குழாயில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டம் என்று பட்டியலில் சின்னதாகக் குறிப்புப் போட்டிருந்தது.

"இது வேலைக்காகாதுங்ணா," என்றேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் ரேஸ். ரொம்ப நாளா ஓடவே இல்ல. தூரமும் கூடுதல்."

"அதுக்கு இப்ப மூச்சு வருது சுமதி."

"அது ஒரு காரணமாங்ணா?"

"அது காரணம் இல்லையா?" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "நீங்க பேப்பர்ல தூரத்தப் பாக்கீங்க, எடையப் பாக்கீங்க. நான் ஒரு வருஷமா பக்கத்துல படுத்து ஒரு மூச்சு வருமா, அடுத்தது வருமான்னு கேட்டுட்டுக் கெடந்தவன். மூச்சு மட்டும் ஒழுங்கா வந்திருந்தா அவ எங்கெல்லாம் ஓடியிருப்பா? எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒத்துக்கொள்ளவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் வாயை மூடவில்லை. அந்த மனுஷனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தலையாட்டினால் அவரையும் ஒரு ஆமாம்சாமியாகத்தானே நடத்துகிறேன் என்று ஆகிவிடும்? "மூச்சு வந்தா ஓடும்ங்ணா. ஜெயிக்கறதுக்கு அது பத்தாது," என்றேன். அவர் மேஜையைத் தட்டினார். நானும் தட்டினேன். உன்னை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவர் சத்தம் போட்டு நான் கேட்கவே இல்லை. டீ ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கடைசியில் அந்த ரேஸுக்கு மட்டும் 'இருவரும் பொருந்தவில்லை, காரணங்கள் இவை' என்று இரண்டு பத்தி எழுதி, கீழே இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பினேன். அதில் உன் பெயர் இல்லை.

நேற்றுக் காலை அவர் அவர் வீட்டில், நான் என் வீட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டே ரேஸ் பார்த்தோம். அங்கே வழக்கம்போல மழை. காப்பர் லேன் கடைசி வளைவு வரைக்கும் ராஜா மாதிரி முன்னால் வந்துவிட்டு, நேர்ப்பாதையில் துவண்டுபோனது. ஹார்பர் பெல் பின்னாலிருந்து, வெளிப்பக்கமாக, ஒவ்வொரு குதிரையாகத் தாண்டித் தாண்டி வந்தது. ஜெரால்டு அண்ணா போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நானும்தான் கத்தினேன், அவர் குதிரைக்காக. கோட்டருகே இரண்டு பேருமே கண்டுகொள்ளாத இன்னொரு குதிரை ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது.

 போனில் அவருக்கு மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது.

"தோத்துட்டோம், என்ன?" என்றார்.

"தோத்துட்டோம்ங்ணா."

"அப்ப திங்கக்கிழமைக்கு ஏன் தோத்தோம்னு எழுதணும்லா? ஒங்க குதிரைக்கு நீங்க எழுதுங்க. எங்குதிரைக்கு நானே எழுதுதேன். நீங்க அதுல கை வைக்கப்பிடாது."

கை வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் ஒரு வாக்கு. இனி உன் பெயரில் ஒரு குதிரையையும் நான் எடுக்கமாட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்துவிட்டால் அது நீ இல்லை, நான்தான். என்னோடு ஒத்துப்போகாதவளாகவே நீ என்னிடம் இருந்துவிட்டுப் போ புள்ள.