ஐந்தாவது கட்டம்

அக்கா,

இன்று காலை மெழுகுவர்த்தித் துண்டுகளை வேப்பெண்ணெயில் போட்டு உருக்கினேன். தீயைக் கூட்டி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. எண்ணெய் புகைந்து, அந்தக் கசப்பு வாடை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் இருந்தால், "இன்னாடி, மருந்து காச்சுறியா, பொணம் எரிக்கிறியா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்க ஆளில்லை. நானே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

சுனாமி அலை வந்துபோன அடுத்த மாசியில் இந்த வீட்டுக்கு வந்தோம். கிளியனூரில் இருந்த உங்கள் வீட்டை விற்று, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிக் கிடந்த இந்தப் பழைய உப்புக் கிடங்கையும் அதைச் சுற்றியிருந்த சவுக்குத் தோப்பையும் வாங்கியிருந்தீர்கள். நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன வேறு ஒருவர் என்றால் பாண்டிச்சேரியில் மாடி வீடு பார்த்திருப்பார். நீங்களோ ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னையும் என் வீட்டுக்காரரையும் ஓரமாகக் கூப்பிட்டு, உப்பளத்து ஜனங்களின் காலைக் கழுவி மருந்து கட்ட ஓர் இடம் வேண்டும், கர்த்தர் என்னிடம் அதைத்தான் கேட்கிறார், கூட வருகிறீர்களா என்று கேட்டீர்கள். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவர் அன்று சாயந்திரமே பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அடித்த சுண்ணாம்பு மூன்றாம் நாளே உதிர்ந்து பாயில் கிடக்கும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருக்குவேன். "வுடுடி. இங்க இருந்தா நாமளும் ஊறுகா மாதிரிதான். சீக்கிரம் கெட்டுப்போக மாட்டோம்," என்றீர்கள். ஒன்றரை வருஷம்தான் இருந்தீர்கள்.

விடியும் முன்னே உப்புப் பாத்தியில் இறங்குகிறவர்கள் வெயில் ஏறிப் பதினொரு மணிக்குக் கரையேறுவார்கள். வாசல் புங்கமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். வருகிறவர்களின் காலை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொள்வீர்கள். குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதற்குள்ளே உப்பு. நீங்கள் கழுவுவீர்கள். நான் மருந்து உருக்கிக் கொடுப்பேன், நோட்டு எழுதுவேன்.

பள்ளிக்கூடம் போகாதவள் நான். வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றேன். அதனாலோ என்னவோ, எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. பெயர், ஊர், எந்தக் கால், என்ன புண் என்று நான்கு கட்டம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, உங்களைக் கேட்காமல், ஸ்கேல் வைத்து ஐந்தாவது கட்டம் ஒன்றும் போட்டேன். 'ஜெபத்தில் இருந்தாரா?' என்று அதற்குத் தலைப்பு. முதலில் அரை மணி நேரம் ஜெபம், அப்புறம்தான் மருந்து என்பது நான் வைத்த சட்டம்.

நோட்டைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டீர்கள். வெறுமனே காலைக் கட்டி அனுப்பினால் இது ஊழியமா, ஆஸ்பத்திரியா என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் உங்களோடு சரியாகப் பேசவும் இல்லை. கடைசியில் விட்டுக்கொடுத்தது நீங்கள்தான். "சரி, உன் இஷ்டம். ஆனா கால் காத்துக்கிட்டு இருக்காதுடி," என்றீர்கள்.

வைகாசியில் ஒருநாள் நீங்கள் மருந்து வாங்கத் திண்டிவனம் போயிருந்தீர்கள். கன்னியம்மா வந்தாள். அடுத்த குப்பத்துக்காரி, உப்பு வாருகிறவள், அதற்கு முன் இங்கே வந்ததில்லை. இடது காலில் புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். அலைக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து உட்கார வைத்து, பெயர் எழுதி, போட்டோ எடுத்துப் போயிருந்தார்கள். நீங்களும் போட்டோ எடுப்பீங்களா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை, ஜெபத்துக்கு உட்கார், முடிந்ததும் கட்டுகிறேன் என்றேன்.

"தண்ணி லாரி வந்துடும்மா. வூட்ல ஆளு இல்ல."

அரை மணிதான் என்றேன்.

"சாமி கும்புட மாட்டேன்னு நான் சொல்லல. நோட்டுல இன்னா எழுதணுமோ எழுதிக்க. கால மட்டும் கட்டி வுடு."

மருந்துக் கிண்ணம் என் கையில்தான் இருந்தது, அக்கா. சூடாகக்கூட இருந்தது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி நொண்டிக்கொண்டே போய்விட்டாள். நான் பெயரை எழுதி, ஐந்தாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் மாலையில் வந்து நோட்டைப் புரட்டினீர்கள். "சக்கர வியாதி இருக்குதான்னு கேட்டியா?" என்றீர்கள். நான் கேட்கவில்லை. அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு குப்பத்துக்கு நடந்தீர்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. தினமும் போனீர்கள். ஐந்தாம் நாள் திறந்தபோது கால் கறுத்திருந்தது. பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனீர்கள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நீங்கள் திட்டவில்லை. அந்த வீட்டில் உட்கார வைப்பார்கள் என்று குப்பத்தில் பேச்சாகிவிட்டதால் புங்கமரத்தடிக்கு யாரும் வரவில்லை. மறுவாரமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பள வரப்புக்கு நீங்களே போக ஆரம்பித்தீர்கள். அந்த வயதில், அந்த வெயிலில், உப்புத் தண்ணீரில் இறங்கி, அடுத்த வருஷம் ஆடி வரைக்கும். ஒருநாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள், தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். அந்த வெயில்தான் உங்களைக் கொண்டுபோனதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

உங்களைக் குளிப்பாட்டும்போதுதான் உங்கள் காலைப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை. குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதற்குள்ளே உப்பு.

குப்பமே வந்திருந்தது. எல்லாரும் தோப்பில் நின்றார்கள். கன்னியம்மா மட்டும் உள்ளே வந்தாள். உங்கள் காலருகே உட்கார்ந்து துணியை விலக்கிப் பார்த்தாள். "அந்த மருந்து இருக்குதா?" என்று என்னைக் கேட்டாள். கிண்ணத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு வெடிப்பாகத் தேய்க்க ஆரம்பித்தாள். ஜெபத்தை ஆரம்பிக்கலாமா, பெட்டி மூட நேரமாகிறது என்று பாஸ்டர் கேட்டார்.

"செத்த இருங்க பாஸ்டர். கால் இன்னும் முடியல," என்றேன்.

இரண்டாவது காலுக்கு நானும் உட்கார்ந்தேன். அவள் தள்ளி இடம் விட்டாள்.

இப்போது புரட்டாசி. மழைக்கு முன் கடைசி உப்பை வாருகிறார்கள். உங்கள் பையை மாட்டிக்கொண்டு நான் போகிறேன். ஜெபத்தை வீட்டில் முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன், அதை விடவில்லை. புது நோட்டில் நான்கு கட்டம்தான். பழைய நோட்டைக் கிழிக்கவும் இல்லை.

கன்னியம்மா கரையேறி வந்து காலை நீட்டுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயெடுத்தேன். தண்ணி லாரி வந்துடும், சீக்கிரம் கட்டு என்கிறாள். அந்த இடது காலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் துடைக்கிறேன். எதையும் எண்ணியே பழகிய கை, அக்கா. தினமும் எண்ணுகிறது. தினமும் மூன்றுதான் வருகிறது.