தொட்டிலின் கால்மாட்டில்

அன்பு மகள் மிரிகாவுக்கு அம்மா எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம். பதுவை நகரத்தில் நீ இருமல் இல்லாமல் இருக்கிறாயா? உன் கடிதம் வாசித்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சகோதரியை நாம் அழைக்கிற 'மோத்தர்' என்ற அல்பேனியச் சொல், ஆதியில் அம்மாவைக் குறித்ததாம். அதன் உறவுச் சொற்கள் மற்ற தேசத்தார் வாயில் இன்னும் அம்மாவாகவே இருக்கின்றனவாம். வாத்தியார் சொன்னார் என்று நீ வேடிக்கையாக எழுதியிருந்தாய்.

உன் பெரியம்மா லீஸா, ஜோனைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடியபோது நீ வர முடியவில்லை. நாற்பது நாள் கழித்துத்தானே தாயின் முக்காட்டை மூத்த பெண்ணுக்குக் கட்டுவோம், அதுவரை அந்த இடம் செத்தவளுடையது. உன் பெரியப்பா பாஷ்க் அடக்கம் முடிந்த அன்றே மூத்தவள் பிரெண்டா தலையில் அதைக் கட்டிவிட்டார், அவளே சின்னப் பிள்ளை. "செத்தவளுக்கு உட்கார ஒரு மணைகூட விடமாட்டீரா?" என்று பாதிரியார் கடிந்தார். "அழுற புள்ளைக்கு நாள் கணக்கு தெரியுமா சாமி?" என்று பெரியப்பா எரிந்து விழுந்தார்.

இப்போது ஜோன் பேசுகிறான். அக்கா பிரெண்டாவை அம்மா என்கிறான். வளர்க்கிறவள்தானே என்று இருந்தோம். ஆனால் பட்டப்பகலில், தொட்டிலின் கால்மாட்டில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்து, "மோத்தர், மோத்தர்" என்று கை நீட்டுகிறான். "ஒங்கக்கா இங்கதான நிக்கிறா, அங்க எவளடா கூப்பிடுற கழுதை" என்று உன் அப்பா கேலி செய்வார். உன் கடிதம் வரும்வரை நானும் சிரித்தேன். இடத்தைப் பறிகொடுத்தவள் அந்தப் பழைய பேரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாளோ? அவளுக்கு நான் பயப்படவில்லை, பிரெண்டாவை நினைத்துத்தான் பயம். அவள் சமையலில் உப்பு ஜாடி சீக்கிரம் காலியாகிறது. அப்படி அள்ளிப் போடுவது லீஸா கை. பள்ளிக்கூடப் பையை அந்தப் பிள்ளை தொடுவதே இல்லை. நேற்று ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த முக்காட்டை அவிழ்க்கப் போனேன். சித்தி சித்தி என்று என் பின்னால் திரிந்தவள், தொட்டில் ஆட்டுவதை நிறுத்தாமல், தலை நிமிராமல் சொன்னாள்: "விடு மாரா, எம்புள்ள தூங்கட்டும்." இந்த வீட்டுப் பெண்களில் என்னைப் பேர் சொல்லி அழைத்தவள் லீஸா ஒருத்திதான்.

அந்தச் சொல் அம்மாவை விட்டு அக்காவிடம் போனதே, அப்படிப் போனது திரும்பி வர வழி உண்டா என்று வாத்தியாரிடம் கேள். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஆண்டவர் உன்னை நிழல் போல் காக்கட்டும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் லீஸா பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, பிரெண்டா பேருக்கு ஒன்று ஏற்று. இரண்டையும் தள்ளித் தள்ளி வை. ஒன்றின் சுடரில் மற்றதைப் பற்றவைத்துவிடாதே, மகளே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மாரா