கப்பித்தானின் கழுத்துப்பட்டி

ஓகஸ்ட் 6, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. புழுக்கம். நீண்ட ஆலோசனைக்குப் பின், காலை ஏழு பத்துக்கு, மீசையை எடுத்துவிடுவதென்று தீர்மானித்தேன். ஏழேகாலுக்கு நிறைவேற்றப்பட்டது. எதிர்ப்பு: மனைவி மட்டும்.

"ஆரு செத்த? மீசையை எடுத்துப்போட்டு நிக்கிறீங்க?"

"ஒல்லாந்துக் கப்பித்தான்."

பதிவுக்காக: தன்னாமுனை வாவிக்கரையில் வருடாவருடம் இரண்டு நாள் ஒல்லாந்தர் சந்தை. கடைக்காரர், கூத்துக்காரர், பார்க்க வருகிறவர், எல்லாருக்கும் டச்சுக் காலத்து வேடம். கப்பல் தலைவரான கப்பித்தான் தோணியில் வந்திறங்கிப் பிரகடனம் வாசிப்பார். ஆறு வருடமாக நான். பிரகடனம் என் எழுத்து. சந்தை விதிகளும். (விதி நான்கு: கப்பித்தானுக்குச் சொந்த மீசை வேண்டும், ஒட்டு மீசை செல்லாது. அந்த வேடத்துக்குப் போட்டியிட்ட தபாலதிபருக்காகவே எழுதியது. அவருக்கு மீசை வளராது.) ஓய்வுபெற்ற பிறகு மனிதர் எனக்காக எழுந்து நிற்பது அந்த இரண்டு நாளில்தான்.

நேற்றுச் சந்தைக் குழுக் கூட்டத்தில் புதிய தலைவர் குலேந்திரன், மனைவியின் தம்பி: "அத்தான், உங்களுக்கு வயசு போயிட்டு. இந்த முறை நான் இறங்கிறன். நீங்க வாசல்ல குந்தி டிக்கெட்டைக் கிழிங்க."

சிரிப்பு. கைதட்டல்.

டிக்கெட் கிழிக்க மீசை தேவையில்லை.

ஓகஸ்ட் 7, வெள்ளி

காற்று அப்படியே. கப்பித்தானின் கழுத்துப்பட்டியோடு குலேந்திரன் வந்தான். வெள்ளை, சோற்றுத்தட்டு அளவு, அறுபது மடிப்பு.

"கஞ்சி நீங்கதான் போடணும் அத்தான். உங்கட பக்குவம் ஆருக்கும் வராது."

"ஓம், போட்டு வைக்கிறன்."

பச்சரிசி ஒரு சுண்டு.
சீனி ஆறு கரண்டி. (என் சேர்க்கை.)
காயவைத்தது: மாமரத்தில் கட்டிய கொடி. மரத்தில் முசுறுக் கூடு நான்கு. சும்மா போகிறவரையே கடிக்கும் சிவத்த எறும்பு.

மூன்று மணிக்கு ஒன்று மணம் பிடித்து வந்தது. சுற்றிப் பார்த்தது. போய்ச் சொன்னது. ஒல்லாந்தரும் இப்படித்தான் வந்தார்கள். ஐந்து மணிக்கு அறுபது மடிப்புக்குள்ளும் குடியேற்றம் பூர்த்தி. மடிப்புக் குலையாமல் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினேன்.

வீட்டுப் பூனைக்கு மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 8, சனி

நல்ல வெயில், நல்ல கூட்டம். காலையில் பட்டியின் முடிச்சை நானே இறுக்கிக் கட்டினேன். பிறகு டிக்கெட் கிழித்தேன்.

பத்து மணிக்குத் தோணி கரையை நெருங்கியது. கப்பித்தான் எழுந்து, கையை உயர்த்தி, "மட்டக்களப்பு மக்களே" என்றார். அடுத்து வந்தவை பிரகடனத்தில் இல்லாத சொற்கள். கழுத்தைப் பிடித்தபடி வாவிக்குள் பாய்ந்தார்.

பக்கத்தில் இரண்டு பெண்கள்:

"என்ன நடிப்புகா!"

"இல்லகா, மெய்யாத்தான் கத்துறான்."

முடிச்சு அவிழவில்லை. மீசைக்காரத் தோணிக்காரர் சவரிமுத்து பல்லால் கடித்து அறுத்தார்.

பகல், மூன்று தரம் சோறு. மீன் குழம்பு அருமை. மனைவி பிஸ்கட் டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

குலேந்திரனுக்குக் கழுத்தும் காதும் ஒரே வீக்கம். வரமாட்டான். எட்டு மணிக்குக் குழு முழுவதும் என் வீட்டில்.

செயலாளர்: "ஐயா, பிரகடனம் உங்களுக்குத்தானே பாடம். இண்டைக்கு நீங்களே இறங்குங்க."

உடனே சம்மதிப்பது அழகல்ல. இரண்டு நிமிடம் யோசித்தேன். அந்த இடைவெளியில் தபாலதிபர் விதிப் புத்தகத்தைத் திறந்து, நான்காவதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

பத்து மணிக்குக் கப்பித்தானாக இறங்கியவர், தோணிக்காரர் சவரிமுத்து.