பின் ஆக்ஸிலில் ஒழுகிய ஆயில்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் பிரியமான அண்ணனுக்கு,

இறந்தவர்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று நீ ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாய். நான் அந்த நேரத்தில் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருப்பேன். அப்படிப்பட்டவள்தான் இன்று உனக்கு எழுதுகிறேன். உன் ஜீப்பைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. அதை வேறு யாரிடம் சொன்னாலும் பாதி சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

இப்போது ஜீப்பை செல்வி மதினிதான் ஓட்டுகிறார். நீ போன பிறகு கம்பத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினார். சுருளிப்பட்டியில் நீ ஏற்றிய அதே பெண்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு, குமுளி மலை ஏறி, ஏலக்காய் எஸ்டேட்டில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிறார். "மலைக்குப் பொம்பள ஓட்டிட்டுப் போனா மலையே சிரிக்கும்" என்று நீ ஒருமுறை சொன்னாய். மலை சிரிக்கவில்லை. கேரள செக்போஸ்டில் சேச்சி என்று கூப்பிட்டுக் கை காட்டி அனுப்புகிறார்கள்.

மழை பிடித்ததிலிருந்து இடது பின்சக்கரத்தில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஆயில் சக்கரத்துப் பக்கம் வந்துவிடாமல் அங்கே ஒரு ரப்பர் வளையம் தடுத்துக்கொண்டிருக்கும். சீல் என்பார்கள். உனக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். சீல் விட்டுப்போனால் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனரை நனைத்துவிடும், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. உன் கூட்டாளி குருசாமிதான் இப்போதும் மெக்கானிக். அவர் சீல் மாற்றினார். சில நாளில் மறுபடி ஒழுகியது. மறுபடி மாற்றினார். பேரிங்கையும் மாற்றிப் பார்த்தார். மறுபடியும் ஒழுகியது.

ஒரு சாயங்காலம் மலை இறங்கும்போது பிரேக்கை மிதிக்க, வண்டி வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அந்த வளைவில் வலப்பக்கம் பாறையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. மதினி பாறையோடு ஒட்டி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. பெண்கள் இறங்கி அடிவாரத்து லோயர் கேம்ப் வரை நடந்தே போனார்கள்.

அன்றைக்கே மதினி எனக்குப் போன் செய்தார்.

"வண்டியக் குடுத்துரலாம், அமுதா."

"ஏன் மதினி?"

"அவுகளுக்கு இஷ்டமில்ல போல. எத்தன சீல் போட்டாலும் ஒழுகுதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"சீல் சரியில்லன்னு அர்த்தம்."

"நீ படிச்சவ. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சீல் இருக்கும்."

ஜீப்பை விற்றால் மதினி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. தேனிக்கு வந்து என்னோடு இருங்கள் என்றால் வரமாட்டார். நானும் அவரும் ஒரே வீட்டில் ஒரு வாரம் தாங்க மாட்டோம் என்று நீயே சொல்வாய். பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் மதினி என்னிடம் நிமிர்ந்து பேச ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சை ஒரு ரப்பர் வளையம் நிறுத்திவிடப் பார்த்தது. அதற்கு உன் கோபம் என்று பெயர் வேறு.

கல்லூரி விடுமுறையில் கம்பத்துக்குப் போய் குருசாமியின் பட்டறையில் நின்றேன். பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவளுக்கு ஆக்ஸிலில் என்ன வேலை என்று அவர் நினைத்திருப்பார். முகத்தில் காட்டவில்லை.

"சீல் டூப்ளிகேட்டா இருக்குமா?"

"டீச்சரம்மா, நானே போய் பாத்து வாங்கியாந்தேன். பெட்டியக் காட்டவா?"

"அப்ப ஷாஃப்ட் தேஞ்சிருக்கா?"

"வழுவழுன்னு இருக்கு. கைய வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்றுதான் இருந்தது.

"பெறகு ஏன் ஒழுகுது?"

"அத ஒங்க அண்ணன்ட்டத்தான் கேக்கணும்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மதினி சொன்னது அவர் மனதிலும் ஏறியிருந்தது.

"ஊருக்குள்ள ஓடும்போது ஒழுகுதா?"

"இல்ல. மலை ஏறி இறங்குனாத்தான்."

"அப்ப எங்க அண்ணன் மலையில மட்டுந்தான் கோவிக்குமா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். பிறகு தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். "மலை ஏறுனா சூடாகும். சூடானா உள்ள காத்து பெருக்கும். பெருக்குன காத்து எங்கிட்டுப் போகும்?" ஆக்ஸிலின் முதுகில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டல் நின்றது. "ஏலே குருசாமி, மடப்பயலே, பிரீதரக் காணமேடா."

பிரீதர் என்பது ஒரு சின்ன மூடி. சூட்டில் பெருகும் காற்று அது வழியாக வெளியேறிவிடும். அது அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வேறு வழியில்லை, ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் தள்ளும். குருசாமி அந்த இடத்தைச் சுரண்டினார். காய்ந்த சேறு உதிர்ந்தது. அதற்கடியில் மஞ்சளாக ஒரு படிவு. பிறகு கருப்பு பெயிண்ட். மறுபடி மஞ்சள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார்.

"சந்தனம்."

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "மதினிட்ட சொல்லாதீக டீச்சரம்மா. மண்ணு அடச்சிருந்துச்சுன்னு சொல்லிருவோம். மனசு ஒடஞ்சிரும்" என்றார்.

யோசித்தேன். மண் என்றால் அதையும் நீ போட்ட மண் என்றுதான் மதினி சொல்வார். அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனம் விழும். வீட்டுக்குப் போனேன். மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அங்கன சந்தனம் வச்சது யாரு மதினி?"

"நாந்தான்."

"அண்ணன் பானட்டுக்கும் டயருக்குந்தான வைக்கும்?"

"முன்னாடி வைக்க விட்டாத்தான."

பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீ இல்லாத முதல் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, அடியில் கருப்பு பெயிண்ட் அடித்து, சந்தனத் தட்டோடு முன்னால் போய் நின்றிருக்கிறார். நம் சித்தப்பா வந்து தட்டை வாங்கிக்கொண்டாராம். தாலி இறக்கியவள் கையால், மலைக்குப் போகிற வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாதாம். "ஓட்டுறதுக்கு நான் ஆகும். பொட்டு வைக்க ஆகாது." எல்லோரும் பொரி கடலை வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகு, தட்டில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போயிருக்கிறார். "அங்கன யாரும் பாக்க மாட்டாகள்ல. எங்கெங்க பொடச்சுக்கிட்டு இருந்துச்சோ அங்கெல்லாம் வச்சேன்." மறு வருஷமும் அதேதான். பெயிண்ட் மேலே சந்தனம், சந்தனத்தின் மேலே பெயிண்ட்.

இந்த இரண்டு பூஜைக்கும் நான் போகவில்லை, அண்ணே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தேனியிலேயே இருந்துவிட்டேன். அங்கே யார் கையிலிருந்து யார் தட்டை வாங்குகிறார்கள் என்பதும் அதனால் எனக்குத் தெரியாமலே போயிற்று. நம்பாதவர்கள் இப்படி ஒதுங்கிக்கொள்வது யாருக்கு வசதி?

"அப்ப ஒங்கண்ணன் கோவிக்கல?" என்றார் மதினி.

"இது சந்தனமும் பெயிண்டும் சேந்து செஞ்ச வேல, மதினி. அண்ணனுக்கு இதுல பங்கே இல்ல."

"நான் அதக் கேக்கல."

அவர் வண்டி ஓட்டுவதில் உனக்குக் கோபம் இல்லையா என்றுதான் கேட்கிறார், அது எனக்குப் புரிந்தது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பதும் தெரியும். அவருக்கும் தெரியும், உன்னோடு வாழ்ந்தவர்தானே.

"கோவிக்கல" என்றேன்.

மதினி கீரைக்காம்பை ஒதுக்கி வைத்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். "ஒங்க சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லு. அவரு ஒரு தட்டப் புடுங்குனதுக்கு எத்தன சீல் போச்சுன்னு."

புது சீலும் லைனரும் போட்டு, பிரீதரைக் கழுவி மாட்டி, திங்கட்கிழமை வண்டி மலைக்குப் போனது. சுருளிப்பட்டியில் பெண்கள் ஏறத் தயங்கினார்கள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒருத்தி, "டீச்சரே வாராக. செத்தா நல்ல தொணையோட சாவோம்" என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் ஏறிவிட்டார்கள். இறங்கி வரும்போது லோயர் கேம்பில் மதினி வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டு வழித்தார். என்னிடம் காட்டினார். வெறும் புழுதி. இன்னொரு முறை வழித்துப் பார்த்தார். "செல்வி, பாத்தது போதும்த்தா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் உன் சார்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதனால் இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். வரும் ஆயுத பூஜைக்கு நான் கம்பத்தில் இருப்பேன். சாமி கும்பிட அல்ல, தட்டைப் பிடிக்க. மதினி வண்டிக்கு முன்னால் நின்று, எல்லோரும் பார்க்க, பானட்டில் பொட்டு வைப்பார். சித்தப்பா கையை நீட்டினால் என்னிடம்தான் நீட்ட வேண்டும். நான் கொடுக்க மாட்டேன். இதற்கு உன் சம்மதம் கேட்கவில்லை, அண்ணே. நடக்கப்போவதைத் தெரிவிக்கிறேன்.

மதினி பக்கத்தில் நிற்கப்போகிற உன் தங்கச்சி,
அமுதா