மூணு ஆம்ப், ஒரு உஸ்ஸு

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். மிக்சர் பெட்டி முடிஞ்சது. எட்டு மைக் உள்ளே, ஒரே சத்தமா வெளியே. ரெசிஸ்டர் வழியா எட்டையும் சேர்த்தா சத்தம் சன்னமாயிடும், தூக்கி விட ஒரு ஆம்ப் வேணும். மூணு சர்க்யூட் கட்டியிருக்கேன்.
1. பழைய ஐசி சிப். கைவசம் நிறைய.
2. புது ஐசி. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினது.
3. டிரான்சிஸ்டர் மட்டும். இடம் அடைக்கும், சூடாகும்.
1 போதும். பாட்டு ஓடாதப்போ ஸ்பீக்கரில் சுத்த அமைதி.
துணி மடிச்சுக்கிட்டிருந்த கலா: "இன்னாயா அது, உஸ்ஸுன்னு கீது?"
எனக்கு ஒண்ணும் கேக்கல. பொண்டாட்டி கிண்டல்னு விட்டுட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
மனசு கேக்கல. கலாவைச் சுவர் பாத்து உக்கார வச்சு மூணையும் மாத்தி மாத்திப் போட்டேன். எது எதுன்னு சொல்லல. நாலு சுத்து. நாலு தடவையும் 1 வந்தப்போதான் "உஸ்ஸு"ன்னா. மீட்டர் வச்சுப் பாத்தேன். அவ சொன்னதுதான் சரி.
எனக்கு மூணும் ஒண்ணுதான்.
இருபத்தெட்டு வருசம் மைக் செட் வேலை. கச்சேரி, கல்யாணம், அம்மன் திருவிழா. எல்லாம் ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னு.

ஜூன் 12, வியாழன்
மயிலாப்பூரில் காது டெஸ்ட். கலாகிட்ட, பெருங்குடியில் ஒரு ஆர்டர்னு பொய். டெஸ்ட் எடுத்த பொண்ணு காகிதத்தைக் காட்டினா. கோடு போகப் போகச் சரிஞ்சு விழுது. "கீச்சுன்னு, சன்னமா வர்ற சத்தமெல்லாம் குறைஞ்சிடுச்சு சார். போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம்."
ஞாயிறு ஊரூர் குப்பத்தில் கானா பாட்டு ரெக்கார்டிங். வரலன்னு சொல்லிடலாமா? காது போன மைக் செட்காரனை யார் கூப்பிடுவா.
காகிதத்தை மடிச்சுச் சட்டைப்பையில் வச்சேன்.

ஜூன் 13, வெள்ளி
துவைக்கப் போட்ட சட்டைப்பையில் அந்தக் காகிதம். கலா கையில். கத்துவான்னு நினைச்சேன். பக்கத்துல வந்து உக்காந்தா.
"ரெண்டு வருசமா என் கொலுசு சத்தத்துக்கு நீ திரும்பறதே இல்ல. என் மேல ஆசை பூட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்யா."
"கேக்கலடி."
"அத சொல்றதுக்கு இன்னா?"
அழுதா. அப்புறம் சிரிச்சா. ரெண்டு வருசம் இதை மனசுல போட்டுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா. கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஜூன் 14, சனி
லேசா மேகம். கலா ஹெட்போனில், நான் ஸ்பீக்கரில். இப்போ 2-க்கும் 3-க்கும்தான் போட்டி. உஸ்ஸு ரெண்டுலயும் இல்லையாம். போன மாசம் எடுத்த பாட்டு ஒண்ணு போட்டேன்.
"மூணாவதுல டோலக்கு கும்முனு கீது, கொரலு பின்னால பூடுது. ரெண்டாவதுல பக்கத்துல குந்திகினு பாடறான்."
அது எனக்கும் கேட்டுச்சு! அப்படியே கேட்டுச்சு. இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன், சும்மா.
2-ஐயே மிக்சர் பெட்டியில் சால்டர் வச்சுப் பொருத்தியாச்சு.

ஜூன் 15, ஞாயிறு
குப்பத்தில் ஒரு மாடி அறை. மிக்சரில் நான், ஹெட்போனோட கலா. பாதிப் பாட்டில் கையைத் தூக்கினா.
"நிறுத்து. இன்னாமோ கிர்ருனு கீது."
பாடிக்கிட்டிருந்த பாஷா என்னைப் பாத்தான். "அண்ணே, நீ சொல்லு. சத்தம் எதுனா கீதா?"
எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்க.
"எனக்குக் கேக்காது பாஷா. அந்த மாதிரி சத்தத்துக்கு என் காது போச்சு. இனிமே அவ சொல்றதுதான்."
பாஷா எழுந்து போய் மூலையில் ஓடின டேபிள் ஃபேனை நிறுத்தினான்.
கலா கண்ணை மூடிக் கேட்டா.
"ம். பாடு நைனா."